பல்கலைக்கழக இலக்கிய இதழுக்குப் படைப்பு அனுப்புவது எப்படி? வாசிப்புக் குழுவில் இருந்தவரின் பதில்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய வளாகத்தில் மாணவர்கள் நடத்தும் இலக்கிய, கலை இதழ் படைப்புகள் கேட்டு அறிவிப்பு விட்டிருக்கிறது. அவரிடம் ஆங்கிலத்தில் எழுதிய சில கவிதைகள், சொந்த ஊரில் நடக்கும் ஒரு சிறுகதை, அப்பாயியைப் பற்றிய கட்டுரை, விடுமுறையில் எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. தமிழ்க் கவிதைகளும் கொஞ்சம் உண்டு. இலக்கியம் படிக்காதவன் அனுப்பலாமா, எதை அனுப்புவது, கதையில் வரும் சாதி விவகாரம் அங்கே யாருக்காவது புரியுமா, அதே படைப்புகளை வெளியே உள்ள பெரிய இதழ்களுக்கும் அனுப்பலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

தாராளமாக அனுப்பலாம் தம்பி. மாணவர் இதழ்களில் நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. பெரும்பாலான இடங்களில் எழுதியவர் பெயரை மறைத்துவிட்டுத்தான் படிப்பார்கள். சொல்லப்போனால், படைப்பிலக்கிய வகுப்பில் எழுதித் திருத்திய கதைகளே மலைபோலக் குவியும் இடத்தில், ஆய்வுக்கூடத்திலிருந்தோ செவிலியர் கல்லூரியிலிருந்தோ ஒன்று வந்தால் குழு கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். ‘பல்கலைக்கழக இதழ்’ என்ற பெயரில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மாணவர்களே நடத்தி, பெரும்பாலும் மாணவர் எழுத்தையே போடுவது. யேல் மாணவர்களின் இலக்கிய இதழ் 1836-இல் தொடங்கியது. ஹார்வர்டு அட்வகேட் 1866-இல் தொடங்கியது, டி. எஸ். எலியட் மாணவராக இருந்தபோது எழுதிய கவிதைகள் அதில்தான் வந்தன. இன்னொன்று, பல்கலைக்கழகம் இடமும் சம்பளமும் கொடுத்து நடத்தும் தொழில்முறை இதழ். லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சதர்ன் ரிவ்யூ (1935), கென்யன் கல்லூரியின் கென்யன் ரிவ்யூ (1939), ஜார்ஜியா ரிவ்யூ (1947), ஐயோவா ரிவ்யூ (1970) எல்லாம் இந்த வகை. அவற்றில் உலகம் முழுவதிலுமிருந்து எழுதுகிறார்கள். விதிகளும் இரண்டிலும் நேர் எதிர். மாணவர் இதழ் பல இடங்களில் சொந்த மாணவர்களிடமிருந்து மட்டும் வாங்கும். தொழில்முறை இதழ்கள் பலவும் சொந்தப் பல்கலைக்கழக மாணவர்களிடமிருந்து வாங்குவதே இல்லை. வேண்டியவர்களுக்கு இடம் கொடுத்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாதே! ஆகவே யாரெல்லாம் அனுப்பலாம் என்ற வரியை அறிவிப்பில் முதலில் தேடுங்கள். சில இதழ்கள் முதுகலை மாணவர்களையும் ஊழியர்களையும் முன்னாள் மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளும், சில சேர்க்காது.

இனி முக்கியமான விஷயம். உள்ளே எப்படிப் படிக்கிறார்கள் என்று தெரிந்தால், எதை எப்படி அனுப்புவது என்ற கேள்விகளில் பாதி தானாகத் தீர்ந்துவிடும். நான் முதுகலை படித்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் இப்படி ஓர் இதழின் வாசிப்புக் குழுவில் இருந்தேன். இடத்துக்கு இடம் சின்னச் சின்ன மாற்றம் இருக்கும். அடிப்படை நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். வந்த ஒவ்வொரு படைப்பையும் இரண்டு மூன்று பேர் தனித்தனியாகப் படித்து, ‘வேண்டும்’, ‘வேண்டாம்’, ‘பார்க்கலாம்’ என்று குறித்து, ஒரு வரி கருத்தும் எழுதிவைப்பார்கள். பிறகு வாரம் ஒருநாள் மாலையில் கூட்டம். ஆறிப்போன பீட்சா, திரையில் படைப்பு, சுற்றிலும் அடுத்த நாள் பரீட்சை உள்ளவர்கள். கவிதை என்றால் ஒருவர் உரக்கப் படிப்பார். கதை என்றால் ஏற்கெனவே படித்தவர்கள் வாதாடுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் எல்லோரும் ‘பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லும் படைப்பு பெரும்பாலும் தோற்றுவிடும். மூன்று பேருக்குப் பிடிக்காமல் ஒருவருக்கு மட்டும் உயிராகப் பிடித்த படைப்பு ஜெயிக்கும். அந்த ஒருவர் விடமாட்டார். அடுத்த வாரமும் அதையே எடுத்துப் பேசுவார், இறுதிப் பட்டியலில் தன் பங்கு இடத்தை அதற்காகச் செலவழிப்பார். ‘பார்க்கலாம்’ என்று மூன்று குறி வாங்கிய கதைக்கு அப்படி யாரும் இல்லை. ஆகவே உங்களிடம் உள்ளதில் குறை குறைவானது எது என்று தேடாதீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் உங்களுக்காக மேசையைத் தட்டிப் பேசக்கூடியது எது என்று தேடுங்கள். பேராசிரியருக்குப் பிடித்த, இலக்கணம் பிசகாத கவிதை ஒன்று இருக்கும். நீங்களே அனுப்பத் தயங்கும் முரட்டுக் கவிதை ஒன்றும் இருக்கும். நான் இரண்டாவதைத்தான் முதல் பக்கத்தில் வைப்பேன்.

முதல் பக்கம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மூன்று முதல் ஐந்து கவிதைகள் அனுப்பலாம் என்றால், ஐந்தையும் நிரப்பியே ஆகவேண்டும் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். மூன்று நல்லவற்றோடு இரண்டு சுமாரானவை சேர்ந்தால் அந்த இரண்டும் மற்ற மூன்றையும் கீழே இழுக்கும். வரிசையிலும் கவனம் வேண்டும். வலுவானது முதலில், அடுத்த வலு கடைசியில். கதை என்றால், மூன்றாம் பக்கத்தில் சூடுபிடிப்பதை, படிக்கிறவர் மூன்றாம் பக்கம் வரை வருவார் என்று நம்பி அனுப்புகிறோம். வருவார், ஆனால் மனதுக்குள் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டுத்தான் வருவார். அந்த மூன்றாம் பக்கத்தை முதல் பக்கமாக்க முடியுமா என்று ஒருமுறை பாருங்கள்.

நீளமும் ஒரு கணக்கு. ஐயாயிரம் சொல் வரை அனுப்பலாம் என்று போட்டிருப்பார்கள். ஆனால் மாணவர் இதழின் அச்சுச் செலவு மாணவர் கட்டணத்திலிருந்து ஒதுக்கும் பணம், பக்கங்கள் எண்ணப்பட்டவை. பதினாறு பக்கக் கதை ஒன்றைப் போட்டால் நாலைந்து கவிஞர்கள் வெளியே நிற்பார்கள் என்பது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு சொல்லில் முடியும் கதைக்கு இந்தச் சிக்கல் இல்லை. கதையை வெட்டி ஒடுக்கச் சொல்லவில்லை. உங்களிடம் இரண்டு கதை இருந்தால் சின்னதை அனுப்புங்கள், அவ்வளவுதான்.

கடைசி நாளுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். பெரும்பங்கு படைப்புகள் கடைசி இரண்டு ராத்திரிகளில்தான் வந்து விழும். முன்னால் வந்ததை நிதானமாகப் படிப்பார்கள். பின்னால் வந்தது, ஒரே உட்காரலில் நாற்பது படிக்கும் ஒருவரின் முப்பத்தெட்டாவதாகப் போய் மாட்டும்.

உங்கள் கதைக்கு வருகிறேன். சாதி அவர்களுக்குப் புரியுமா என்று கேட்டீர்கள். புரியும். நீங்கள் நினைப்பதைவிட அங்கே அது தெரிந்த விஷயமாகிவிட்டது. பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019-இலேயே பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியைச் சேர்த்தது. கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி தன் எல்லா வளாகங்களுக்கும் 2022-இல் சேர்த்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சட்டமே போட்டது. உங்கள் வாசிப்புக் குழுவில் ஒருவருக்காவது இது பற்றி ஏதாவது தெரிந்திருக்கும். தெரியாதவருக்காக நீங்கள் விளக்கவுரை எழுத ஆரம்பித்தால்தான் கதை கெடும். அப்படி எழுதினால், ஒரே தெருவில் பிறந்து வளர்ந்த இரண்டு பேர், இருவருக்கும் பிறந்தது முதல் தெரிந்த விஷயத்தை ஒருவருக்கொருவர் எடுத்துச் சொல்லிக்கொள்வார்கள். வெளிநாட்டு வாசகருக்காக எழுதிய உரையாடல் என்று முதல் வரியிலேயே காட்டிக்கொடுத்துவிடும். டீக்கடையில் யாருக்குக் கண்ணாடிக் குவளை, யாருக்குப் பிளாஸ்டிக் கப், பணத்தை யார் கையில் கொடுக்கிறார்கள், யாரிடம் மேசையில் வைக்கச் சொல்கிறார்கள் என்று காட்டினால் போதும். ஓஹையோவில் பிறந்த பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கும் அது போய்ச் சேரும். மிச்சச் சந்தேகத்தை, கதை தேர்வான பிறகு எடிட்டர் கேட்பார். அப்போது ஒரு வரி சேர்க்கலாம்.

தமிழ்ச் சொற்களுக்குக் கீழே அருஞ்சொற்பொருள் பட்டியல் வேண்டாம். ஏ. கே. ராமானுஜன் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்தபோது (அந்தப் புத்தகம் 1967-இல் வந்தது), திணை, கூற்று என்று விளக்க வேண்டியதையெல்லாம் பின்னுரைக்குத் தள்ளிவிட்டு, கவிதைப் பக்கத்தில் யார் சொல்வது என்ற தலைப்போடு கவிதையை நிற்கவிட்டார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய கவிதைக்கே அது போதுமாக இருந்தது.

அப்பாயி கட்டுரை பற்றி ஒரு கசப்பான செய்தி. ஒவ்வொரு செமஸ்டரும் வரும் கட்டுரைகளில் தாத்தா பாட்டி கட்டுரைகளுக்குத் தனிக் குவியலே போடலாம். புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைகள் எழுதுவதில் பாட்டியின் சமையல், மசாலா வாசனை, பட்டுப்புடவை, மாம்பழம் நான்கும் தவறாமல் இருக்கும். அதனால் அனுப்பாதீர்கள் என்று சொல்லவில்லை. உங்கள் அப்பாயி மற்ற அப்பாயிகளிடமிருந்து எங்கே பிரிகிறார் என்ற இடத்திலிருந்து தொடங்குங்கள். பால்காரர் கணக்கைச் சுவரில் கரிக்கோடாகப் போட்டுவைப்பவரா, ரேஷன் கடை வரிசையில் சண்டை போட்டே பேர் வாங்கியவரா, மருமகளோடு எத்தனையோ வருஷம் பேசாமல் ஒரே வீட்டில் இருந்தவரா? அன்பான கிழவியைப் பற்றிய கட்டுரையை விட, கொஞ்சம் பொல்லாத கிழவியைப் பற்றிய கட்டுரைக்குக் குழுவில் ஆள் சேருவது சுலபம். (என் சொந்த ருசியும் இதில் கலந்திருக்கலாம்.)

குடும்பத்தைப் பற்றி எழுதும்போது இன்னொன்றும் பாருங்கள். பல மாணவர் இதழ்களின் பழைய பிரதிகளைப் பல்கலைக்கழக நூலகம் தன் மின்னணுக் களஞ்சியத்தில் நிரந்தரமாக வைத்துவிடுகிறது. பத்து வருஷம் கழித்தும் பெயரைத் தட்டினால் வரும். சித்தப்பாவின் குடிப்பழக்கமோ அத்தையின் விவாகரத்தோ வருவதாக இருந்தால் பெயரையும் ஊரையும் இப்போதே மாற்றிவிடுங்கள். பிறகு எடுக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பும்போது, அந்தக் குழுவில் இருந்த மாணவர்கள் எல்லோரும் பட்டம் வாங்கிப் போயிருப்பார்கள்.

பல்கலைக்கழகத்தின் காசில் வரும் இதழ் காரமான எழுத்தைப் போடுமா என்ற சந்தேகமும் உங்கள் கேள்விக்குள் இருக்கிறதோ என்று தோன்றியது. பொதுவாகப் போடும். இடறிய கதைகளும் உண்டு. சிகாகோ ரிவ்யூ 1946-இல் மாணவர்கள் தொடங்கியது. 1958-இல் அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் பரோஸின் எழுத்தைப் போட்டதற்காக ஒரு செய்தித்தாள் பத்தியாளர் ‘ஆபாசம்’ என்று கிளப்பிவிட, பல்கலைக்கழகம் அடுத்த இதழை நிறுத்திவைத்தது. ஆசிரியர் இர்விங் ரோசந்தாலும் குழுவில் பெரும்பாலானவர்களும் விலகி, நிறுத்திய படைப்புகளைக் கொண்டே 1959-இல் பிக் டேபிள் என்ற தனி இதழைக் கொண்டுவந்தார்கள். அதை அஞ்சல் துறை தடுக்கப் பார்த்தது. வழக்கு 1960-இல் இதழுக்குச் சாதகமாகத் தீர்ந்தது. சிகாகோ ரிவ்யூ இன்றும் வருகிறது. இதைக் கேட்டுவிட்டு நீங்களே உங்கள் கதையை முன்கூட்டித் தணிக்கை செய்துகொள்ள வேண்டாம். ஏதாவது பிரச்சினை என்றால் எடிட்டர் சொல்லட்டும்.

தமிழ்க் கவிதைகள். ஆங்கிலம் தவிர மற்ற மொழிகளையும் வாங்கும் மாணவர் இதழ்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்போடு சேர்த்துக் கேட்பார்கள். அறிவிப்பில் ஒன்றும் இல்லையென்றால் எடிட்டருக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். ‘முடியாது’ என்பதைவிட ‘இதுவரை யாரும் கேட்கவில்லை, அனுப்புங்கள்’ என்ற பதில் வர வாய்ப்பு அதிகம். மொழிபெயர்ப்பு உங்களுடையதாகவே இருந்தால் அதையும் சொல்லுங்கள். மூலமும் மொழிபெயர்ப்பும் எதிரெதிர்ப் பக்கத்தில் வந்தால் பார்வைக்கும் அழகு, இதழுக்கும் பெருமை.

வேறொருவர் கவிதையை மொழிபெயர்த்து அனுப்புவதாக இருந்தால் உரிமை யாரிடம் என்று பாருங்கள். உயிரோடு இருக்கிற கவிஞர் என்றால் அவரிடமோ பதிப்பாளரிடமோ எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். நம் ஊரில் ஒரு வசதி உண்டு. பாரதியின் எழுத்துகளின் உரிமையை 1949-இல் அரசு வாங்கிப் பிறகு மக்களுக்கே விட்டது. அதிலிருந்து எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமையாகியிருக்கின்றன. அவற்றை மொழிபெயர்க்கத் தமிழ்நாட்டில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நூல் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று கவர் லெட்டரில் ஒரு வரி எழுதினால், அந்த வழக்கம் தெரியாத அமெரிக்க எடிட்டருக்கும் நிம்மதி. மொழிபெயர்ப்பில் உங்களுக்கு நாட்டம் வந்துவிட்டால், ஐயோவா பல்கலைக்கழகத்தில் எக்ஸ்சேஞ்சஸ் என்று மொழிபெயர்ப்புக்கென்றே ஓர் இதழ் இருக்கிறது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் வேர்ல்ட் லிட்டரேச்சர் டுடே 1927-இலிருந்து வருகிறது. அவையெல்லாம் பிறகு.

தமிழ் எழுத்து அச்சில் உடைவதுதான் நடைமுறையில் பெரிய தலைவலி. இதழைப் பெரும்பாலும் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைப்பார்கள். அதில் சாதாரண அமைப்பில் தமிழை ஒட்டினால் ‘கொ’வின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், புள்ளிவட்டம் முளைக்கும், உங்கள் கவிதை கந்தலாகிவிடும். பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வடிவமைப்பாளருக்கு நீங்களே எழுதி அனுப்புங்கள். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. உடைந்தது கண்ணுக்குத் தெரியாது. கவிதையை யூனிகோடில் தட்டியிருக்க வேண்டும், பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் இருந்தால் மாற்றிவிடுங்கள். சரியாக எப்படித் தெரிய வேண்டும் என்பதற்குச் சாட்சியாக ஒரு பிடிஎஃப்பும் இணையுங்கள்.

கோப்பு விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லா இதழும் வழிமுறையில் எழுதித்தான் வைத்திருக்கும். கதை, கட்டுரை இரட்டை இடைவெளியில், பக்க எண்ணோடு, பன்னிரண்டு அளவு எழுத்தில், அலங்கார எழுத்துரு இல்லாமல். கவிதை ஒற்றை இடைவெளியில், ஒவ்வொன்றும் புதுப் பக்கத்தில். வேர்டில் பக்க அளவு ஏ4 என்று நம் ஊர்ப் பழக்கத்தில் இருந்தால் அமெரிக்காவில் புழங்கும் லெட்டர் அளவுக்கு மாற்றுங்கள். கவிதையில் வரி மிக நீளமாக ஓடினால், ஆறங்குல அகலப் பக்கத்தில் அது மடியும் என்பதை நினைவில் வையுங்கள். மடிவது பிடிக்காவிட்டால் இப்போதே வேறு இடத்தில் முறியுங்கள். பெயர் மறைத்துப் படிக்கும் இதழ் என்றால், கோப்பின் உள்ளே மட்டும் பெயரை எடுத்தால் போதாது. கோப்பின் பெயரிலும், வேர்டு கோப்பின் பண்புகளில் ‘ஆசிரியர்’ என்ற இடத்திலும் உட்கார்ந்திருக்கும். அங்கேயும் அழியுங்கள்.

புகைப்படங்களை வாட்ஸ்அப்பில் வாங்கி அப்படியே ஏற்றிவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த கோளாறு. வாட்ஸ்அப் வழியாக வந்தால் படம் சுருங்கிவிடும். போனில் நன்றாகத் தெரியும், அச்சில் பிசிறடிக்கும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். ஆறுக்கு ஒன்பது அங்குலப் பக்கம் முழுவதும் நிரப்ப 1800-க்கு 2700 பிக்சல். இன்றைய சாதாரண போன் கேமராவின் மூலக் கோப்பே இதற்குத் தாராளம், அந்த மூலத்தை அனுப்பினால் சரி. திரையில் பளீரென்று இருக்கும் ஊதாவும் பச்சையும் அச்சு மையில் மங்கும். அந்த நிறத்தை நம்பியே நிற்கும் படம் என்றால் யோசித்து அனுப்புங்கள். கறுப்பு வெள்ளையில் மட்டும் அச்சிடும் இதழா என்றும் கேட்டுவிடுங்கள். தோழி வரைந்த ஓவியத்தைப் படமெடுத்து அனுப்புவதாகச் சொன்னால், ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில், கேமராவை ஓவியத்துக்கு நேராகப் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். தலைப்பு, எதில் செய்தது, அளவு, ஆண்டு நான்கும் கூடவே போகட்டும்.

படங்களில் ஊர்க்காரர்கள் முகம் தெரிகிறதா? திருவிழாக் கூட்டம் என்றால் பரவாயில்லை. வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் நெருக்கப் படம் என்றால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புவதுதான் மரியாதை. வறுமையை அழகாகக் காட்டும் படங்களுக்கு அங்கே சட்டென்று கைதட்டல் கிடைக்கும். அந்தக் கைதட்டலுக்காக எடுத்த படம் எது என்பது உங்களுக்கே தெரியும்.

கவர் லெட்டர் நாலு வரி. என்ன அனுப்புகிறேன், எத்தனை, வேறெங்கும் அனுப்பியிருக்கிறேனா, நன்றி. கதை எதைப் பற்றியது என்ற விளக்கம் வேண்டாம். ‘இது என் முதல் முயற்சி, பிழை பொறுக்கவும்’ என்று நம் வழக்கப்படி பணிவு காட்டவும் வேண்டாம். அங்கே அது பணிவாகப் படாது, தயங்குகிறார் என்றுதான் படும். தன்குறிப்பு படர்க்கையில் ஐம்பது சொல்லுக்குள். இதுவரை எதுவும் வெளியாகவில்லை என்றால் அதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. ‘கரூர் பக்கம் வளர்ந்தவர், கணினி அறிவியல் படிக்கிறார்’ என்பது முழுமையான தன்குறிப்பு.

இப்போது, ஒரே படைப்பைப் பல இதழ்களுக்கு அனுப்பலாமா என்ற கேள்வி. அமெரிக்காவில் பெரும்பாலான இதழ்கள் இதை அனுமதிக்கின்றன. ஒரு நிபந்தனைதான்: ஓரிடத்தில் எடுத்துக்கொண்டால் மற்ற இடங்களுக்கு அன்றே சொல்லிவிட வேண்டும். பல இதழ்கள் சப்மிட்டபிள் என்ற தளத்தின் வழியாக வாங்குகின்றன. அதில் ஒரு பொத்தானில் விலக்கிக்கொள்ளலாம். ஆனால் ஐந்து கவிதைக் கட்டில் ஒன்று மட்டும் போய்விட்டது என்றால் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள், ஐந்தும் போய்விடும்; அந்தக் கவிதையின் தலைப்பைச் சொல்லி ஒரு செய்தி அனுப்பினால் போதும். இரண்டு இதழ் தேர்ந்தெடுத்து, அச்சுக்குப் போன பிறகு ஒன்றிலிருந்து பின்வாங்குவதைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை. எடிட்டர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்பவர்கள்.

ஏற்கெனவே வெளியானது என்பதற்கு ஒவ்வோர் இதழும் ஓர் எல்லைக்கோடு வைத்திருக்கும். சொந்த வலைப்பூவிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டதைக்கூட வெளியானதாகக் கருதுபவை உண்டு. அனுப்ப நினைப்பதை அங்கே போடாமல் வைத்துக்கொள்வது லாபம். தமிழில் ஏதாவது இதழில் வந்துவிட்ட கவிதையின் ஆங்கில வடிவம் என்றால் அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு என்ற கணக்கில் பலரும் ஏற்றுக்கொள்வார்கள்.

பெரிய இதழ்களில் அனுப்புவதற்கே மூன்று டாலர் போலக் கட்டணம் கேட்பது சகஜமாகிவிட்டது, போட்டி என்றால் இருபது டாலருக்கு மேலும் போகும். சொந்த வளாக மாணவர் இதழ் பெரும்பாலும் காசு கேட்காது. அவர்களும் காசு தரமாட்டார்கள். இதழின் பிரதி ஒன்றிரண்டு தருவார்கள். பரிசுத்தொகை ஏதாவது வருவதாக இருந்தால், மாணவர் விசாவில் இருப்பவர் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. அனுப்பிய எல்லோரையும் ‘தேர்ந்தெடுத்து’, பிறகு அந்தத் தொகுப்பை அறுபது டாலருக்கு உங்களிடமே விற்கும் கூட்டம் ஒன்றும் இருக்கிறது. அழைப்புக் கடிதத்தில் பாராட்டு அதிகமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

உரிமை பற்றி ஒப்பந்தத்தில் பொதுவாக இருப்பது முதல் வெளியீட்டு உரிமை மட்டும். இதழ் வந்ததும் உரிமை உங்களிடமே திரும்பும். பின்னால் புத்தகத்தில் சேர்க்கும்போது முதலில் எங்கே வந்தது என்று குறிப்பிட வேண்டும். ‘எல்லா உரிமைகளும்’ என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், கேளுங்கள். பெரும்பாலும் அது எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய வாசகமாக இருக்கும், கேட்டதும் மாற்றிவிடுவார்கள்.

செயற்கை நுண்ணறிவில் எழுதியதை அனுப்பக் கூடாது என்று இப்போது பல அறிவிப்புகளில் ஒரு வரி இருக்கிறது. கிளார்க்ஸ்வேர்ல்டு என்ற அறிபுனை இதழ் அப்படிப்பட்ட குப்பை தாங்காமல் 2023 பிப்ரவரியில் படைப்பு வாங்குவதையே கொஞ்சகாலம் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆங்கிலத்தைத் திருத்த ஏதாவது கருவியைப் பயன்படுத்தியிருந்தால், அந்த இதழ் எதுவரை அனுமதிக்கிறது என்று படித்துவிட்டு அனுப்புங்கள். உங்கள் ஆங்கிலத்தில் கொஞ்சம் கொங்கு வாடை அடித்தால் அதைச் சலவை செய்ய வேண்டாம் என்பது என் கட்சி.

அனுப்பிய பிறகு சப்மிட்டபிளில் நிலை மாறுவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், தெரியும். ‘பரிசீலனையில்’ என்று மாறினால் யாரோ அதைக் கையில் எடுத்தார்கள் என்றுதான் அர்த்தம், வேறொன்றும் இல்லை. மாணவர் இதழில் அந்த செமஸ்டர் முடிவதற்குள் பதில் வந்துவிடும். பெரிய இதழ்களில் ஆறு மாதம், ஒரு வருஷம்கூட ஆகும். மறுப்பு வந்தால் பதில் எழுத வேண்டாம். பொதுவான மறுப்பில் ஒன்றுமில்லை. ‘இந்தக் கதையின் நடுப்பகுதி எங்களுக்குப் பிடித்தது, மறுபடியும் அனுப்புங்கள்’ என்று யாராவது தனியாக எழுதியிருந்தால், அது மரியாதைக்கு எழுதிய வரி அல்ல. கூட்டத்தில் உங்களுக்காக ஒருவர் வாதாடித் தோற்றிருக்கிறார். அடுத்த முறை வேறு படைப்பு அனுப்பும்போது அதைக் கவர் லெட்டரில் நினைவூட்டலாம். மாணவர் இதழில் குழு வருஷாவருஷம் மாறும், ருசியும் மாறும். இந்த வருஷம் திரும்பியதை வைத்து உங்கள் எழுத்தை எடைபோட வேண்டாம். முடிந்தால் அடுத்த செமஸ்டர் நீங்களே வாசிப்புக் குழுவில் சேர்ந்துவிடுங்கள். கணினி மாணவர் என்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொள்வார்கள், இணையதளத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல்தான் எல்லா இதழும் தவிக்கிறது.

தேர்வாகிவிட்டால் மெய்ப்பு, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்கத் தரும் படி வரும், பெரும்பாலும் இரண்டு நாள் கெடுவோடு. கவிதையில் வரி முறிவையும் பத்தி இடைவெளியையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். கதையைப் புதிதாகத் திருத்தி எழுதும் நேரம் அதுவல்ல. தமிழ் இருந்தால் எழுத்தெழுத்தாக நீங்கள்தான் பார்க்க வேண்டும், அந்த அறையில் வேறு யாராலும் முடியாது. உங்கள் பெயரையும் பாருங்கள். படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டிருப்பீர்கள். பொருளடக்கத்தில் அப்பா பெயரின் அகர வரிசையில் போய் உட்கார்ந்திருப்பீர்கள், தன்குறிப்பில் உங்களை அப்பா பெயரால் அழைத்திருப்பார்கள். அச்சில் எப்படி வரவேண்டும் என்பதை, இனிஷியலோடா, முழுப் பெயராகவா, அப்பா பெயரோடா என்று, முதல் படைப்புக்கே முடிவுசெய்து எடிட்டருக்குத் தெளிவாக எழுதிவிடுங்கள். பிறகு வேறு இதழ்களில் வரும்போதும் அதே பெயர் இருக்கட்டும்.